மச்சில் கிடக்கிற ஓலைப்பெட்டியை வாசிப்பது எப்படி

மச்சிலிருந்தோ பழைய மரப்பெட்டிக்குள்ளிருந்தோ ஓலைப்பெட்டி, பாய், தோளில் போடுகிற நேரியல் என்று எது கையில் கிடைத்தாலும் முதலில் அதைக் கழுவாதீர்கள். வெயிலில் காயப் போடாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், வார்னிஷ் பக்கமே போகாதீர்கள். கடைசியாகச் சொன்னது பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கள் ஆச்சி கருவாடு போட்டு வைத்திருந்த கடவம் ஒன்றை ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி பளபளவென்று இருந்தது. யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் இரண்டு கை வார்னிஷ் அடித்திருக்கிறார். கருவாட்டு வாடை போயிற்று, ஓலை இடுக்கில் படிந்திருந்த உப்பு போயிற்று, நாருக்கும் ஓலைக்கும் நடுவில் ஒட்டியிருந்த மண்ணும் போயிற்று. இப்போது அது ஒரு அழகான பெட்டி, அவ்வளவுதான். யார் வீட்டில் என்ன வேலை பார்த்தாய் என்று இனி அதனிடம் கேட்க முடியாது.

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அந்த எரிச்சலில்தான். தொல்லியல்காரர்கள் பத்தாயிரம் வருஷப் பழைய கூடைத் துண்டை எப்படிப் பார்க்கிறார்களோ, ஏறக்குறைய அதே முறையில் நம் வீட்டுப் பெட்டியையும் துணியையும் பார்க்கலாம். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு ஸ்கேல், ஜன்னல் ஓர வெளிச்சம், மொபைல், நாகர்கோவில் வடசேரியில் நகை வேலை செய்கிறவர்கள் கண்ணில் மாட்டுவார்களே அந்த மாதிரி ஒரு லென்ஸ், பிள்ளைகள் விளையாடுகிற களிமண் ஒரு உருண்டை, எழுத ஒரு நோட்டு. அது போதும்.

அதற்கு முன்னால் மனசில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் குமரி மாவட்டத்தில் கல்குளத்திலோ விளவங்கோட்டிலோ இருந்த ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூரை ஓலை. அடுக்களைச் சுவர் தென்னந்தட்டி. படுக்க ஓலைப்பாய், புடைக்கச் சுளவு, சுமக்கக் கடவம், சோறு வைக்க நார்ப்பெட்டி, மோர்க்கலயம் தொங்க உறி, விதைநெல்லுக்கு வைக்கோலைப் பிரிபிரியாகச் சுற்றிச் சாணி மெழுகிய விதைக்கோட்டை, பனையேறி இடுப்பில் அரிவாள் பெட்டி, கடப்புறத்து வீடென்றால் வலையும் மடியும். அந்த வீட்டை அப்படியே மண்ணில் மூடி, ஆனி ஆடி மழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் மாறி மாறி ஐந்நூறு வருஷம் அடிக்க விடுங்கள். மிச்சம் என்ன இருக்கும்? அம்மி, ஆட்டுரல், பானை ஓடு, துருப்பிடித்த வெட்டுக்கத்தி. தோண்டிப் பார்க்கிறவர் “கல்லும் இரும்பும் புழங்கிய குடும்பம்” என்று எழுதிவிட்டுப் போவார். அந்த வீட்டில் பாதிக்கு மேல் பொருள் ஓலையும் நாரும் நூலும்தான், அதில் பெரும்பகுதி பெண்கள் கையால் ஆனது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. கற்காலம் என்று பெயர் வைத்ததும் இப்படித்தான். அந்தக் காலத்து மனுஷர் கல்லை மட்டும் கட்டிக்கொண்டு அழவில்லை, கல் மட்டும் மிஞ்சியது. மழையே எட்டாத வறண்ட குகைகளைத் தோண்டினால் கல்லாயுதத்தை விட நார்ப்பொருள் பல மடங்கு கிடைக்கிறது.

ஆக, ஓலையும் துணியும் பிழைக்க ஏதாவது ஒரு அதிர்ஷ்டம் வேண்டும். ஒன்று, ஒரேயடியாக வறட்சி. ஸ்பெயினில் அல்புனியோல் பக்கத்து வௌவால் குகையில் கிடைத்த புல் கூடைகள் 9,500 வருஷத்துக்கு முந்தையவை என்று 2023-ல் கணித்தார்கள். அங்கே அப்போது விவசாயமே வரவில்லை, வேட்டையாடிச் சாப்பிட்டவர்கள் முடைந்த கூடை அது. இல்லையென்றால் ஒரேயடியாகப் பனி: 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,300 வருஷத்துக்கு முந்தைய மனிதனோடு அவன் புல் பாயும் சேர்ந்து கிடைத்தது. காற்றுப் புகாத சேறும் காப்பாற்றும். கரியாகிப் போனாலும் தப்பிக்கும். உலோகத்தோடு ஒட்டிக் கிடந்தாலும் தப்பிக்கலாம், ஏனென்றால் செம்பும் வெள்ளியும் அரிக்கும்போது வரும் உப்பு நுண்ணுயிரை அண்ட விடாது. மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டுதான் பருத்தித் துணி வந்தது, அதுவும் சிவப்புச் சாயம் ஏற்றிய துணி. பலூசிஸ்தானத்து மெஹர்கரில் 7,000 வருஷத்துக்கும் முந்தைய ஒரு கல்லறையில் செம்பு மணியின் துளைக்குள் பருத்தி இழை சிக்கிக்கொண்டிருந்தது. மணி கோத்த நூல், அவ்வளவே. அந்தத் துளைக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றியதே, அந்த ஆளைத்தான் கும்பிடணும்.

நம் ஊரில் இந்த அதிர்ஷ்டம் ஒன்றும் கிடையாது. இரண்டு பருவமழை, செம்மண், கரையான். அதனால் இங்கே மண்ணுக்குள் தேடுவதை விட மச்சில் தேடுவதுதான் புத்தி. அடுக்களைப் புகை ஏறி ஏறி மச்சுப் பெட்டி பல வருஷம் பூச்சி அரிக்காமல் நிற்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

அடியிலிருந்து தொடங்குங்கள்

பெட்டியைக் கையில் எடுத்ததும் எல்லோரும் மேலிருந்து பார்ப்பார்கள். கவிழ்த்துப் போட்டு அடியைப் பாருங்கள். தொடக்கம் அங்கேதான் இருக்கும், முடைந்தவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்பது தொடக்கத்தில்தான் தெரியும். கைவேலையில் எதை மாற்றினாலும் தொடங்குகிற முறையை யாரும் லேசில் மாற்றுவதில்லை, அம்மா எப்படிச் சொல்லிக் கொடுத்தாரோ அப்படியேதான் வரும்.

உலகம் முழுக்கக் கூடை வேலையை மூன்று பெரிய வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று முடைதல், அதாவது பட்டையான ஓலைகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிக் கோப்பது; நம் பெட்டி, பாய், கடவம் எல்லாம் இதுதான். இன்னொன்று, நிற்கிற குச்சிகளுக்குக் குறுக்கே இரண்டு இழையை ஒன்றாக விட்டு, ஒவ்வொரு குச்சியைத் தாண்டும்போதும் ஒரு முறுக்குக் கொடுத்துக்கொண்டே போவது. மூன்றாவது, புல்லையோ நாரையோ கட்டாகப் பிடித்து, பாம்பு சுருண்ட மாதிரி வட்டமாக ஏற்றி, அடுத்தடுத்த சுற்றைத் தைத்துக்கொண்டே போவது. இந்த மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று தானாக வராது. ஒரு இடத்தில் நூற்றாண்டுக் கணக்காக ஒரே முறையில் முடைந்துகொண்டிருந்துவிட்டு திடீரென்று வேறு முறை தலைகாட்டினால், புது ஆட்கள் வந்திருக்கிறார்களா, புது மருமகள்கள் வந்திருக்கிறார்களா என்று ஆராய்ச்சிக்காரர்கள் காது நிமிர்த்துவது அதனால்தான்.

தமிழில் இதற்கு வசதி ஒன்று உண்டு. பாய் முடைவோம், துணி நெய்வோம், கயிறு திரிப்போம், நூல் நூற்போம், சடை பின்னுவோம், பூ கட்டுவோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினைச்சொல். தோவாளை மாணிக்கமாலையை மட்டும் எதில் சேர்ப்பது என்று எனக்குக் குழப்பம்தான். பெயர் மாலை, ஆனால் பூவை மடித்து மடித்துப் பாய் போலத் தட்டையாக வருகிறது, சாயங்காலத்துக்குள் வாடியும் போகிறது.

நோட்டில் எழுத வேண்டியது: ஓலை எத்தனை எத்தனையாகத் தாண்டுகிறது (ஒன்று மேல் ஒன்று கீழா, இரண்டு மேல் இரண்டு கீழா), ஓலையின் அகலம் எத்தனை மில்லிமீட்டர், மூலை எப்படித் திரும்புகிறது, பழைய ஓலை முடிந்து புது ஓலை சேர்கிற இடம் உள்ளே மறைந்திருக்கிறதா வெளியே தெரிகிறதா. ஒட்டுப் போட்டதை மறைத்திருந்தால் அவசரமில்லாத கை. அகலம் பத்து இடத்தில் அளந்தும் ஒரே மாதிரி இருந்தால் தேர்ந்த கை. பொருளையும் எழுதுங்கள்: குருத்தோலையா, முற்றிய சாரோலையா, மட்டையில் உரித்த நாரா, தாழை மடலா. குருத்தோலை வெளுத்து மிருதுவாக இருக்கும்; அதை வெட்ட மரத்தில் ஆள் ஏற வேண்டும். ஆகவே வீடு நிறையக் குருத்தோலைப் பெட்டி இருந்தால் அந்த வீட்டுக்கும் ஒரு பனையேறிக்கும் உறவோ கொடுக்கல் வாங்கலோ இருந்திருக்கும்.

முறுக்கு எந்தப் பக்கம்

கயிறோ நூலோ கையில் கிடைத்தால் அதை நேர்குத்தாகப் பிடியுங்கள். இழைகள் சாய்ந்து போவது தெரியும். கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கம் ஏறினால் அது இசட் முறுக்கு, ஆங்கில இசட் எழுத்தின் நடுக்கோடு மாதிரி. கீழே வலமிருந்து மேலே இடம் ஏறினால் எஸ் முறுக்கு. கயிற்றைத் தலைகீழாகத் திருப்பினாலும் இது மாறாது, நீங்களே திருப்பிப் பாருங்கள். தேங்காய்க் கதம்பை நாரில் திரித்த கயிற்றைக் கொஞ்சம் பிரித்தால் இன்னொன்றும் தெரியும்: தனி இழை ஒரு பக்கம் முறுக்கியிருக்கும், இரண்டும் சேர்ந்து எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று மல்லுக்கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கயிறு பிரியாமல் நிற்கிறது.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் செங்கடல் கரையில் எகிப்தின் ரோமர் காலத்துப் பெரெனிகே துறைமுகத்தைத் தோண்டியபோது பருத்தித் துணிகளைப் பிரித்தறிய உதவியது இந்தச் சாய்வுதான். எகிப்தில் நூற்கும் நூல் பெரும்பாலும் எஸ். இந்தியப் பருத்தி நூல் பெரும்பாலும் இசட். குப்பையில் கிடந்த கந்தல், பாய்மரத் துணித் துண்டு என்று பலதும் இசட் முறுக்கில் இருக்க, இது நம் பக்கமிருந்து கடல் தாண்டிப் போனது என்று கண்டுகொண்டார்கள். அதே ஊரில் ஒரு கோயில் முற்றத்தில் ஏழரைக் கிலோ மிளகு இந்தியச் சாடியோடு கிடைத்தது. மிளகு பேசியதைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், நூல் பேசியதை அவ்வளவாக எழுதுவதில்லை. அந்தக் காலத்துக் கிரேக்க மாலுமிகளின் கடல்வழிக் குறிப்பில் நம் குமரிமுனையும் ஒரு துறையாக வருகிறது, அங்கே நீராடி நோன்பிருப்பவர்கள் வருவார்கள் என்று ஒரு வரியும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: முறுக்குச் சாய்வை வைத்து “இவர் இடதுகைக்காரர்” என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். தொடையில் வைத்து உருட்டியதா, தக்களியில் (கையால் சுழற்றி நூற்கிற குச்சி) சுற்றியதா, மேலே உருட்டினாரா கீழே உருட்டினாரா என்பதைப் பொறுத்தும் அது மாறும்.

களிமண்ணில் அழுத்திப் பாருங்கள்

இதைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யலாம். பழைய பெட்டி வேண்டாம், சந்தையில் புதிதாக வாங்கிய ஒன்றை எடுங்கள். களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, பெட்டியின் பக்கத்தை நன்றாக அழுத்தி எடுங்கள். பக்கத்திலேயே கயிற்றையும் அழுத்துங்கள், முரட்டுத் துணி ஒன்றையும் அழுத்துங்கள். விளக்கைச் சாய்வாக வைத்துப் பார்த்தால் அச்சு அப்படியே தெரியும். இப்போது கயிற்றின் சாய்வைப் பாருங்கள். மாறியிருக்கும்! இசட் முறுக்கு மண்ணில் எஸ் ஆகத் தெரியும், கண்ணாடியில் பார்ப்பது போல. அதனால்தான் பானை ஓட்டில் அச்சு கிடைத்தால் அதன் மேல் மென்மையான மெழுகோ ரப்பரோ அழுத்தி மறுபடி ஒரு வார்ப்பு எடுத்து, அந்த வார்ப்பைத்தான் வாசிப்பார்கள். ஓட்டை நேரே வாசித்து முழுக் கட்டுரையையும் தலைகீழாக எழுதிவிடக் கூடாது பாருங்கள்.

பொருள் மக்கிப் போன இடத்திலெல்லாம் இந்த அச்சுதான் சாட்சி. செக் நாட்டில் பாவ்லோவ், டோல்னி வெஸ்தோனிட்சே என்ற இடங்களில் நெருப்பில் வெந்த மண்கட்டிகளில் நெசவும் பின்னலும் பதிந்திருந்தன, ஏறக்குறைய 27,000 வருஷத்துக்கு முந்தையவை. பனிக்கால மனிதன் என்றால் தோலைப் போர்த்திக்கொண்டு யானையை விரட்டுகிறவன் என்று படம் போட்டு வைத்திருந்தோம், அவர்கள் வீட்டில் நெய்த துணி இருந்திருக்கிறது. ஜப்பானில் ஒரு முழுக் காலகட்டத்துக்கே ஜோமோன், அதாவது கயிற்று அச்சு, என்றுதான் பெயர். பானையில் கயிற்றை உருட்டி அழகு பண்ணியவர்கள். குஜராத்தில் சிந்துவெளிக் காலத்து ஊரான லோத்தலில் கிடைத்த மண் முத்திரைகளை எல்லோரும் முன்பக்கத்தைப் பார்த்து எழுத்து என்ன சொல்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் துணியும் பாயும் முறுக்கிய கயிறும் பதிந்திருக்கின்றன. சரக்கு மூட்டையைக் கட்டி, முடிச்சின் மேல் ஈர மண்ணை அப்பி, முத்திரை குத்தியிருக்கிறார்கள். எழுத்து இன்னும் பிடிபடவில்லை, மூட்டை கட்டிய விதம் பிடிபட்டுவிட்டது.

விளிம்பும் ஒரு இடதுகைக்காரியும்

2021-ல் இஸ்ரேலில் யூதேயப் பாலைவனத்து முரபாத் குகையில் ஒரு முழுக் கூடை கிடைத்ததாகச் செய்தி வந்தது. மூடியோடு, 10,500 வருஷத்துக்கு முந்தையது, தொண்ணூறு நூறு லிட்டர் கொள்ளும். அதை இரண்டு பேர் முடைந்திருக்கிறார்கள், அதில் ஒருவர் இடதுகைக்காரர் என்று எழுதியிருந்தார்கள். இதென்ன ஜோசியமா என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் ஆச்சியின் இன்னொரு பெட்டியை (வார்னிஷுக்குத் தப்பியது) படியில் வைத்து அளந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மைனி வந்தார்கள். கையில் எடுத்துத் திருப்பி, விளிம்பில் நாரால் பொத்தியிருந்த தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது யாரு பொத்துனது?” என்றார்கள்.

“ஆச்சியாக்கும்.”

“சும்மா இரி. ஒங்க ஆச்சி வலது கையிலயில்லா எல்லாம் செய்யும். இது இடது கை. நாரு சாயுத பக்கத்தைப் பாரு.”

பார்த்தேன். வீட்டிலிருந்த மற்றப் பெட்டிகளை எல்லாம் கொண்டு வந்து வரிசையாக வைத்தோம். எல்லாவற்றிலும் தையல் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, இதில் மட்டும் எதிர்ப்பக்கம். அப்பாவிடம் கேட்டதற்கு, ஆச்சியின் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச நாள் நம் வீட்டில்தான் இருந்தாள், சோறும் இடது கையில் சாப்பிட்டு ஏச்சு வாங்குவாள் என்றார். எனக்கு அந்தச் சின்ன ஆச்சியைப் பார்த்த நினைவுகூட இல்லை.

செய்து பார்க்க: விளிம்புத் தையலின் சாய்வையும், தையல் எந்தத் திசையில் சுற்றிப் போகிறது என்பதையும் அம்புக்குறி போட்டு வரைந்து வையுங்கள். தொடங்கிய இடத்தையும் முடித்த முடிச்சையும் தேடுங்கள். ஒரே ஒரு பெட்டியை வைத்து முடிவு கட்டாதீர்கள், அதே ஊர், அதே வீடு என்று நாலைந்தாவது சேர்த்து வைத்துத்தான் ஒப்பிட முடியும். அடியும் பக்கமும் ஒரு கை, விளிம்பு வேறொரு கை என்பதும் நிறைய நடக்கும். முடைவது ஒருத்தி, பொத்துவது இன்னொருத்தி.

தேய்மானத்தை விடாதீர்கள். ஒரு பக்க அடி மட்டும் தேய்ந்திருந்தால் அது இடுப்பில் இருந்ததா தரையில் இழுபட்டதா என்று யோசிக்கலாம். அடியில் வட்டமாக அமுங்கியிருந்தால் சும்மாட்டின் மேல் தலையில் ஏறியது. சுளவில் வெந்தயமோ புளியங்கொட்டையோ அரைத்துப் பூசியிருந்தால் லென்ஸில் பிசின் மாதிரித் தெரியும், பொடி சல்லாமல் இருக்கப் பூசுவது. கிழிந்த மூலையை எதால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். என்னிடம் இருக்கும் பெட்டியில் ஒரு மூலை பனைநார், ஒரு மூலை பருத்தித் துணிக் கிழிசல், ஒரு மூலை நீல நைலான். நைலான் வலை கடப்புறத்துக்கு வந்த பிறகு நடந்த ஒட்டு அது, சந்தேகமே இல்லை. ஆக அந்தப் பெட்டி குறைந்தது மூன்று முறை பிழைத்திருக்கிறது.

துணிக்கு வருவோம்

பழைய துணியில் முதலில் கரையைத் தேடுங்கள். கரைக்கு இணையாக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. கரை இல்லாத துண்டு என்றால், இறுக்கமாக முறுக்கி நேராக நிற்கிற நூல் பெரும்பாலும் பாவாக இருக்கும், தறியில் இழுபட்டு நிற்க வேண்டியது அதுதானே. ஸ்கேலை வைத்து ஒரு சென்டிமீட்டரில் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று ஊசி முனையால் எண்ணுங்கள், ஐந்து இடத்திலாவது. மொபைலில் பெரிதாக்கிப் படம் எடுத்து அதில் எண்ணினால் கண் வலிக்காது. எண்ணிக்கை இடத்துக்கு இடம் ஏறி இறங்கினால் கைத்தறியாக இருக்க வாய்ப்பு. கரையோரம் சீரான இடைவெளியில் பொட்டு ஓட்டைகள் தெரிந்தால் அதுவும் கைத்தறிக்கு அடையாளம், துணி உள்ளே சுருங்காமல் அகலமாக நிற்க ஊசி முனை வைத்த குச்சியை மாட்டியிருப்பார்கள். இரணியலிலோ வடசேரியிலோ பழைய நெசவாளி யாரையாவது பிடித்தால் இதெல்லாம் துணியைத் தொட்ட உடனே சொல்லிவிடுவார், நாம் ஒரு மணி நேரம் எண்ணியதை.

அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். நாடாவை (ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற கட்டை) ஒரு கையிலிருந்து மறு கைக்கு எறிந்து பிடிக்கிற தறியில் துணியின் அகலம் நெய்கிறவரின் கை எட்டுகிற தூரம்தான். அதை விட அகலமான பழைய போர்வையில் நடுவில் ஒரு தையல் ஓடினால் ஆச்சரியப்படாதீர்கள், அது இரண்டு துணி.

சாயம்: நீலம் என்றால் அவுரி, சிவப்பு என்றால் நம் பக்கத்து மணல் நிலத்தில் தோண்டும் சாயவேரும் படிகாரமும். கறுப்புக்கு இரும்பு சேர்ப்பார்கள், அந்த இரும்பே காலப்போக்கில் நூலைத் தின்னும். பழைய அச்சுத் துணியில் பூவின் கறுப்பு விளிம்பு மட்டும் உதிர்ந்து ஓட்டையாகி, சிவப்பும் வெள்ளையும் நல்லபடியாக இருந்தால் பூச்சியைத் திட்டாதீர்கள். தானாக உதிர்ந்த ஒரு இழை கிடைத்தால் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடையும் மெல்லிய சாம்பலும், பட்டு என்றால் மயிர் பொசுங்கும் வாடை, உருகிக் கெட்டியாகத் திரண்டால் அது சமீபத்துச் சரக்கு. துணியிலிருந்து பிய்த்து எடுத்துக் கொளுத்தக் கூடாது.

மடிப்பை நீவி விடாதீர்கள். எகிப்தில் தர்கானில் 1913-ல் ஒரு அழுக்குத் துணிப் பொதி கிடைத்தது. லண்டனுக்குப் போய் அப்படியே கிடந்து, 1977-ல் சுத்தம் செய்யப் பிரித்தபோதுதான் அதற்குள் ஒரு லினன் சட்டை இருப்பது தெரிந்தது. 5,000 வருஷத்துக்கு முந்தையது, இன்றுவரை கிடைத்ததில் மிகப் பழைய தைத்த உடைகளில் ஒன்று. முழங்கையிலும் அக்குளிலும் சுருக்கம் இருந்ததால் அது பிணத்துக்காகத் தைத்த புதுத்துணி இல்லை, யாரோ உடுத்தியது என்று தெரிந்தது. உள்பக்கம் வெளியே இருந்தது, தலைவழியே உருவிக் கழற்றிப் போட்டது போல. யாராவது இஸ்திரி போட்டிருந்தால் எல்லாம் போச்சு.

துணியை வாசிக்கும்போது முரடாக இருந்தால் ஏழை, நயமாக இருந்தால் பணக்காரர் என்று சட்டென்று எழுதிவிடத் தோன்றும். நம் மாவட்டத்தில் அப்படி எழுத முடியாது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகத்தின் முடிவில், 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் அரசு போட்ட உத்தரவைப் பாருங்கள். நாடார் பெண்கள் குப்பாயம், அதாவது சட்டை, போட்டுக்கொள்ளலாம், அல்லது முரட்டுத் துணியை மீனவரான முக்குவப் பெண்கள் கட்டுவது போல மேலே கட்டிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது. துணியின் நயமும் கட்டும் விதமும் அரசாங்க உத்தரவில் இருந்தது. ஆகவே அந்தக் காலத்துத் துணி ஒன்று உங்கள் கையில் கிடைத்து அது முரடாக இருந்தால், வாங்க முடியாமல் உடுத்தியதா, வேறு உடுத்த விடாமல் உடுத்தியதா என்று கேட்டுக்கொண்டுதான் நோட்டில் எழுத வேண்டும். அதே காலத்தில் நாகர்கோவிலில் மிஷன் பெண்கள் ரேந்தை, அதாவது லேஸ், பின்னிக்கொண்டிருந்தார்கள்; 1820-களில் மார்த்தா மால்ட் தொடங்கி வைத்தது அது. விரல் நுனியில் அவ்வளவு மெல்லிய நூல் ஓடிய ஊரில் தோளுக்கு முரட்டுத் துணி. என் வீட்டுத் துணி எதையும் மடித்து வைக்கும்போது இது நினைவுக்கு வந்துவிடும்.

நூல் இல்லாவிட்டால்

நூலே இல்லாத இடத்தில் நூலுக்கு வேலை செய்த கருவியைத் தேட வேண்டியதுதான். கீழடியில் துணி வரவில்லை, ஆனால் தக்களி, கூரான எலும்பு முனைகள், நூலில் தொங்கவிடும் கற்கள், செம்பு ஊசி எல்லாம் வந்தன. அந்த ஊரின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை போகிறது. தக்களி வட்டைத் தராசில் வைத்தால் நூலே தெரியும்: கனமான வட்டு தடித்த நூலுக்கு, லேசான வட்டு மெல்லிய நூலுக்கு, ஏனென்றால் மெல்லிய நூல் கனத்தைத் தாங்காமல் அறுந்துவிடும். புறநானூற்றில் வரும் பருத்திப் பெண்டு இரவில் சின்ன விளக்கை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாள், அவள் கையில் இருந்தது எத்தனை கிராம் தக்களி என்று யாராவது கணக்குப் போட்டால் நன்றாக இருக்கும்.

வலை என்றால் கண்ணியின் அளவு. பின்லாந்துக்காரர்கள் 1913-ல் ஆந்த்ரேயா என்ற இடத்தில் ஒரு வலையைக் கண்டார்கள், அரளி மாதிரி இலையுள்ள ஒரு நீர்க்கரை மரத்தின் பட்டை நாரில் கட்டியது, பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தையது. கண்ணி அளவைச் சொன்னால் என்ன மீனுக்கு என்று குளச்சலிலோ முட்டத்திலோ கரையில் நின்று கரமடி வலை இழுத்த பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் கேட்டபோது கண்ணிக்குள் எத்தனை விரல் போகும் என்று என் விரலைப் பிடித்து அளந்து காட்டினார் ஒருவர். அந்த அளவை விரலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், சென்டிமீட்டரில் மாற்றி மட்டும் எழுதினால் பாதி போய்விடும்.

வயது கண்டுபிடிக்க ஆசை வரும். கார்பன் கணிப்புக்கு ஓலையும் நூலும் மரத்தை விட நல்ல சரக்கு. ஒரு உத்திரத்தின் உள்வயிரம் மரம் வெட்டுவதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே செத்திருக்கலாம், ஆனால் ஓலை ஒரு சில வருஷம்தான் மரத்தில் இருக்கும். வெட்டிய வயதும் முடைந்த வயதும் ஏறக்குறைய ஒன்றே. சில மில்லிகிராம் போதும். ஆனால் வார்னிஷ், எண்ணெய், அந்துருண்டை இதெல்லாம் ஏறிய பொருளில் கணக்கு குழம்பும் (கண்காட்சிக்காரர்கள் காதில் விழட்டும்). நூறு இருநூறு வருஷப் பெட்டிக்கு இந்தக் கணிப்பால் பெரிய பலனும் இல்லை, வீட்டுப் பெரியவர் சொல்வதே மேல்.

அதனால் பொருளை வைத்துக்கொண்டு ஆளைத் தேடிப் போங்கள். முடையத் தெரிந்தவர் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். மொபைலை முகத்துக்கு நேராக வைக்காமல் கைக்கு நேராக வைத்து வீடியோ எடுங்கள், அவர்களுடைய தோளுக்குப் பின்னாலிருந்து, செய்கிறவர் பார்க்கிற கோணத்தில். அவர்கள் சொல்கிற சொல்லை அப்படியே எழுதுங்கள், முறம் என்று திருத்தாதீர்கள், சுளவு என்றால் சுளவு. விளவங்கோட்டில் ஒரு பெயர், தோவாளைப் பக்கம் வேறு பெயர் இருக்கும். இரண்டையும் ஊர் பெயரோடு எழுதுங்கள்.

கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ தாழியோ பழைய பானையோ தட்டுப்பட்டால், இழுத்து வெளியே எடுக்காமல், உள்ளே இருக்கிற மண்ணைக் கொட்டாமல், தாலுகா ஆபீஸில் சொல்லுங்கள். மண்ணில் கிடைக்கும் புதையலைத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இருக்கிறது. அதை விட முக்கியம், அந்த மண்ணுக்குள்ளும் உலோகத் துண்டின் துருவிலும்தான் நூல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, பாதுகாப்பது. மென்மையான பிரஷால் தூசியை லேசாகத் தட்டி, அந்தத் தூசியையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள், அதில் நெல் உமி இருக்கலாம். துணியை மடிக்காமல் சுருட்டி வையுங்கள், துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி. வசம்பும் வேப்பிலையும் பக்கத்தில் இருக்கட்டும், பொருளைத் தொடாமல். பூச்சி ஏற்கெனவே இருந்தால், பெட்டியை பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, நன்றாக ஒட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டால் வேர்க்கிற தண்ணீர் கவருக்கு வெளியே நிற்கும். மியூசியங்களில் செய்கிற முறைதான் இது. எங்கள் வீட்டில் சின்ன ஆச்சியின் பெட்டி ஃப்ரீசரை முழுக்க அடைத்துக்கொண்டதால் அந்த இரண்டு வாரமும் மீன் வாங்கவில்லை; மைனி தினமும் மதில் மேல் எட்டிப் பார்த்து, “பெட்டி வெறச்சாச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.